தெற்கே சாயும் மேசை

ஆரப்பாளையம் கிராஸ் ரோட்டில்
என் மருந்துக்கடைக்கு மேல்மாடி.
ராத்திரி ஒன்பதுக்கு மேல்
தலைக்கு நேரே டொக், டொக், பிறகொரு உருளல்,
சில நாள் தரையில் தொப்பென்று ஒன்று.
மாத்திரை எண்ணிக்கொண்டிருப்பவளுக்கு
எண்ணிக்கை தப்பும்.

சண்டை போடத்தான் படியேறினேன்.
நாற்பத்தாறு வயது, கையில் கடைச் சாவி.
சவரியப்பன் கம்பை என் பக்கம் நீட்டினார்.
"ஒரு அடி அடிச்சிட்டு
வைய ஆரம்பிங்க மேடம்."

அடித்தேன்.
வெள்ளைப் பந்து மேசையைத் தாண்டி
சன்னலையும் தாண்டிப்
பரோட்டாக்கடைத் தகரத்தில் விழுந்தது.
யாரும் சிரிக்கவில்லை.
அவரே இறங்கிப் போய் எடுத்துவந்து
சட்டையில் துடைத்து
அதே இடத்தில் வைத்தார்.
வையாமலே வீட்டுக்குப் போனேன்.
மறுநாளும் ஏறினேன்.

கூட்ஸ் வண்டியில் முப்பத்திரண்டு வருஷம் கார்டு.
கடைசிப் பெட்டியில் தனியாளாக
கொடியும் தூக்குச்சட்டியுமாய் உட்கார்ந்து
ஊர்கள் போன பிறகே
ஊர்களைப் பார்த்தவர்.
"விழுற பந்தையே பாக்காதீங்க, அது டிரைவர் பாடு.
வெள்ளை எங்க போய் நிக்குது?
வால் நிக்கிற இடம் தெரிஞ்சாத்தான்
அடுத்த வண்டிக்கு லைன் கிளியர்."
இது எனக்குப் புரிய ஆறு மாசம்.
கைக்குப் புரிய இன்னும் இரண்டு வருஷம்.

எட்டாம் நம்பர் கருப்புப் பந்துக்கு
அவர் வைத்த பேர் கருப்பசாமி.
ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்தான்.
நான் அவசரத்தில் அதை உரசிவிட்டால்
"காவக்காரர எதுக்கு இப்பவே எழுப்புறீங்க" என்பார்.

மேசைக்கு ஒரு குறை உண்டு.
பெங்களூரில் யாரோ கழித்துவிட்டது,
லாரியில் கால் நசுங்கி வந்தது.
மெதுவாகப் போகும் எந்தப் பந்தும்
கடைசி ஒரு சாணில் மனசு மாறித்
தெற்கே திரும்பும்.
"பரங்குன்றம் கூப்பிடுது."
அந்தக் கூப்பாட்டை நம்பித்தான் அவர் ஆட்டமே.
வேறெங்கோ அடிப்பார், போச்சு என்போம்.
ரேஷன் வரிசையில் நகர்கிற ஆள்போல
பந்து நின்று, நகர்ந்து, நின்று
குழிக்குள் இறங்கும்.

சொல்ல மறந்தேன்.
அந்த நீலச் சாக்பீஸ் தூள்
எப்போதும் அவர் இடது புருவத்தில் இருக்கும்.
அங்கே எப்படிப் போகிறது என்று
கேட்கவே இல்லை நான்.

முந்தின வருஷம் சித்திரையில்
ஓனர் ரஃபீக் ரசமட்டத்தோடு ஆள் கூட்டிவந்தான்.
நாலு கால், மூன்று மரத்துண்டு, இரண்டு மணி நேரம்.
குமிழி நட்டநடுவில் நின்றது.
சவரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்,
தன் வண்டி இனி நிற்காத ஸ்டேஷனைப்
பார்ப்பதுபோல.

அந்த மாசம் எல்லாரிடமும் தோற்றார்.
காலேஜ் பையன்களிடம், ரஃபீக்கின் மச்சானிடம்,
ஒரு செவ்வாய்க்கிழமை
என்னிடம்.
அவரை நான் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.
சந்தோஷப்படத் தெரியாமல்
கம்பை ஊன்றி நின்றேன்.
அவரோ கண்ணில் நீர் வரச் சிரித்தார்.
"முப்பது நாளா புது ஆளா ஆடுறேன் மேடம்,
இந்த வயசுல யாருக்குக் கெடைக்கும்?"
முக்குத் தள்ளுவண்டியில்
ஆளுக்கொரு டம்ளர் பருத்திப்பால் வாங்கினார்.
அவருக்குச் சுகர் மாத்திரை கொடுப்பவளே நான்.
"நாளைக்கு வைங்க" என்றார்.

ஐப்பசியில் மூன்று நாள்
படியில் அவர் செருப்புச் சத்தம் இல்லை.
நாலாம் நாள் மகள் கடைக்கு வந்து
மிச்சமிருந்த அட்டையை மேசைமேல் வைத்தாள்.
பதினொரு மாத்திரை.
இரண்டு தடவை எண்ணினேன்.
பணத்தை அவள் வாங்கவில்லை.

பாதாளச் சாக்கடைக்குத் தெருவைத் தோண்டியதிலிருந்து
கட்டடம் லேசாக உட்கார்ந்திருக்கிறது.
நேற்று ராத்திரி கடைசி ஆட்டத்தில்
மெல்ல விட்ட ஒரு மஞ்சள் பந்து
ஒரு சாண் இருக்கையில் தயங்கியது,
தெற்கே திரும்பியது.
ரஃபீக் செல்போனில் இருந்தான், பார்க்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
வெள்ளை எங்கே நிற்கிறது
என்று மட்டும் பார்த்தேன்.